சீடன் உள்ளே, குரு வாசலில்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு திறந்த மடல்

ராக் இசைக்கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் நியமனக் குழுவினருக்கும், வருஷா வருஷம் வாக்குச்சீட்டு கைக்கு வரும் இசைக்கலைஞர்கள், இசை வரலாற்றாளர்கள், துறைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2016 ஏப்ரலில் புரூக்ளினில் நடந்த உங்கள் விழாவிலிருந்தே தொடங்குகிறேன். பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளை அன்றுதான் சேர்த்துக்கொண்டீர்கள். அவர்களை அறிமுகப்படுத்தி மேடையில் பேசியவர் மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் அல்ரிக். 1973-இல், 9 வயதுப் பையனாக இருந்தபோது, கோபன்ஹேகனில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய் டீப் பர்ப்பிள் கச்சேரியைப் பார்த்தவர் அவர். அன்றைக்குப் பிடித்த பித்துதான் பின்னால் அவரை டிரம்ஸ் முன்னால் உட்கார வைத்தது. அந்த மெட்டாலிகாவை நீங்கள் 2009-லேயே உள்ளே எடுத்துவிட்டீர்கள். குரு உள்ளே வருவதற்கு 7 வருஷம் முன்பே சீடன் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான், அப்புறம் அவனே வாசலுக்கு வந்து குருவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

முதல் பதிவு வெளியாகி 25 வருஷம் ஆனால் தகுதி என்பது உங்கள் விதி. டீப் பர்ப்பிளின் முதல் ஆல்பம் 1968. அப்படியென்றால் 1993-இலேயே தகுதி வந்துவிட்டது, 23 வருஷம் நிற்க வைத்திருக்கிறீர்கள். அதற்குள் அந்தக் குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் இறந்துவிட்டார், 2012 ஜூலையில். தேவாலயத்திலும் ஜாஸ் கிளப்பிலும் ஒலித்துக்கொண்டிருந்த ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, ரிச்சி பிளாக்மோரின் கிட்டாருக்கு எதிரே நின்று சரிக்குச் சரி உறும வைத்த மனிதர். 4 வருஷம் முந்தியிருந்தால் அவரே வந்து வாங்கியிருப்பார்.

இதை ஒரு தனிச் சம்பவம் என்று நினைத்துத்தான் ரொம்ப நாள் இருந்தேன். ஆனால் உங்கள் பட்டியலை வருஷம் வருஷமாக வைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்டைச் சேர்த்தது 1996 ஜனவரியில், ஸ்டெர்லிங் மாரிசன் இறந்தது அதற்கு ஐந்தே மாசம் முன்பு. ஸ்டூஜஸைச் சேர்த்தது 2010-இல், அந்தக் கிட்டாருக்குச் சொந்தக்காரரான ரான் ஆஷ்டன் 2009 ஜனவரியில் இறந்துவிட்டார். மூடி ப்ளூஸின் ரே தாமஸ் 2018 ஜனவரியில் இறந்தார், விழா அந்த ஏப்ரலில். யெஸ் குழுவுக்கு 1994-இலிருந்து தகுதி இருந்தும் 2017-இல்தான் கதவு திறந்தது, அதற்கு இரண்டு வருஷம் முன்பே கிறிஸ் ஸ்குயர் இல்லை. அன்றைக்கு அந்த மேடையில் அவருடைய பேஸ் கிட்டார் பகுதியை வாசித்தது யார் தெரியுமா, ரஷ் குழுவின் கெடி லீ. ஸ்குயரைக் கேட்டு வளர்ந்து, அவரைப் போலவே ஆரம்ப காலத்தில் ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தவர். ரஷ் குழுவை நீங்கள் 2013-லேயே சேர்த்துவிட்டீர்கள். அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கெடி லீ அவ்வளவு மரியாதையோடு, ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசிக்கிறார். பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நிற்க வேண்டிய ஆள் வேறு என்றுதான் தோன்றுகிறது.

2024-இல் டெட்ராயிட்டின் எம்சி5-ஐச் சேர்த்தீர்கள். ரொம்ப சந்தோஷம்தான். 1968 அக்டோபர் கடைசியில் டெட்ராயிட் கிராண்டே பால்ரூமில் நேரடியாகப் பதிவு செய்த அந்த முதல் ஆல்பத்தில் பின்னால் வந்த பங்க் இசையின் மூச்சு பாதி இருக்கிறது. ஆனால் வெய்ன் கிரேமர் அந்த வருஷம் பிப்ரவரியில் இறந்தார், ஏப்ரலில் நீங்கள் பெயரை அறிவித்தீர்கள், மே மாசம் டென்னிஸ் தாம்ப்சன் இறந்தார், விழா அக்டோபரில். ஐந்து பேர் கொண்ட குழு, விழா நாளன்று ஐந்து பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அதே வருஷம் நீங்கள் சேர்த்த பிரிட்டிஷ் ப்ளூஸ் கலைஞர் ஜான் மேயாலும் ஜூலையில் இறந்துவிட்டார். அறிவிப்பையாவது அவர் கண்ணால் பார்த்தார் என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலிருந்து நானும் இரண்டு நண்பர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அப்போது ரெக்கார்டிங் கடையில் காசு கொடுத்து வெற்று கேசட்டில் பதிந்து வாங்கிக் கேட்டவர்கள் நாங்கள். லெட் செப்பெலின் பெரிதா, பிளாக் சபாத் பெரிதா, டீப் பர்ப்பிள் பெரிதா என்று விடிய விடியப் பேசுவோம். இப்போதும் உங்கள் பட்டியல் வெளியாகிற அன்றைக்கு ஒருத்தன் போன் போட்டு, “இந்த வருஷமும் ஜெத்ரோ டல் இல்லையாடா?” என்று, நீங்கள் இன்னும் சேர்க்காத அந்தப் பிரிட்டிஷ் குழுவைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவான். இத்தனை வருஷச் சண்டையில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு, இந்த மடல் எழுதுவதே அதைச் சொல்லத்தான். எந்தக் குழு சிறந்தது என்பது கேட்கிறவர் காதைப் பொறுத்தது, அதில் நான் உங்களோடு வழக்காட மாட்டேன். ஆனால் எந்தக் குழு யாரைப் பாதித்தது என்பது ருசி சமாச்சாரம் கிடையாது. அதைத் தடயம் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கலாம். யார் யாரிடம் கற்றார்கள், எந்த உத்தி யார் விரலிலிருந்து யார் விரலுக்குப் போனது என்று வாசித்தவர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். தாக்கத்தை ஒரு அளவுகோலாக நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை உண்மையிலேயே எடுத்து அளந்தால் இவ்வளவு தாமதம் வராது, இவ்வளவு பேர் வெளியிலும் நிற்க மாட்டார்கள்.

பிளாக் சபாத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஒரு குழுவின் தாக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான கதை எனக்குத் தெரியாது. டோனி அயோமிக்கு 17 வயது. பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை, அன்றைக்குத்தான் கடைசி நாள், அதற்குப் பிறகு இசையோடு போய்விடலாம் என்று கிளம்பிக்கொண்டிருக்கிறார். இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற விரல்களே அவை. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துக் கேட்கச் சொல்கிறார். தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் அப்படி வாசித்தவர் ஜாங்கோ. அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொள்கிறார், மேலே பதனிட்ட தோல் துண்டை ஒட்டிக்கொள்கிறார். வழக்கமான தடித்த தந்தியை அந்த விரலால் அழுத்த முடியவில்லை, கடையில் மெல்லிய கிட்டார் தந்தி அப்போது கிடைக்கவில்லை, அதனால் பேஞ்சோ தந்தியை வாங்கி மாட்டுகிறார். பின்னால் 1971-இல் மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிவிடுகிறார், தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும், கூடவே சத்தம் கனமாகும்.

அந்தக் கனம்தான் பின்னால் ஹெவி மெட்டல் என்று பெயர் வாங்கியது. சுருதி இறக்கி வாசிப்பது 50 வருஷமாக எத்தனையோ மெட்டல் குழுக்களும், சியாட்டில் பக்கத்து கிரஞ்ச் குழுக்கள் பலவும் எடுத்துக்கொண்ட பழக்கம். கிட்டாரை முதன்முதலாக வாங்குகிற பையன் இன்றைக்கும் தன் தந்தியைத் தளர்த்திப் பார்க்கிறான், அந்த யோசனை எந்த விபத்திலிருந்து வந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இப்படி ஒன்றைச் செய்த குழுவுக்கு 1995-இல் தகுதி வந்தும் 2006 வரைக்கும் உங்களிடமிருந்து இடம் கிடைக்கவில்லை. நடுவில் 1999-இல் அந்தக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னே உங்களுக்குக் கடிதம் எழுதி, எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இது ரசிகர்கள் போடும் ஓட்டு கிடையாது என்று சொல்லும்படி ஆனது. பிறகு 2025 ஜூலை 5-ஆம் தேதி, பர்மிங்காம் வில்லா பார்க்கில், அவர்கள் கடைசிக் கச்சேரி நடந்தபோது மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோசஸ், ஸ்லேயர், டூல், பான்டெரா என்று வரிசையாக வந்து நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடிய ஓஸி அடுத்த 17 நாளில் போய்விட்டார். ஒரு குழுவின் தாக்கம் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்த ஒரு நாளின் நிகழ்ச்சி நிரலைக் காட்டுவேன், வேறு சான்று வேண்டாம்.

சரி, இதில் ஜெத்ரோ டல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 1968 டிசம்பரில் ஜெத்ரோ டல்லின் கிட்டார்காரர் விலகிப் போனபோது கொஞ்ச நாள் அந்த இடத்தில் நின்றவர் இதே டோனி அயோமி. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த மாசம் எடுத்த சர்க்கஸ் நிகழ்ச்சிப் படத்தில் ஜெத்ரோ டல்லின் தலைவர் இயான் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊத, பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற இளைஞர் அவர்தான். சில வாரத்தில் பர்மிங்காமுக்குத் திரும்பிவிட்டார். திரும்பும்போது ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார். ஆண்டர்சன் குழுவை நடத்திய ஒழுங்கு, காலையிலேயே எழுந்து வந்து ஒத்திகை பார்க்கும் பழக்கம், இதை வேலையாக எடுத்துச் செய்தால்தான் உருப்படும் என்கிற எண்ணம். தன் பழைய நண்பர்களைக் காலையில் ஒத்திகைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார், அந்த நண்பர்கள்தான் அடுத்த வருஷம் பிளாக் சபாத் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். இதை அயோமியே பலமுறை சொல்லியிருக்கிறார். உங்கள் சுவரில் இருக்கும் ஒரு குழுவை உழைக்கப் பழக்கிவிட்டவர் இன்னும் உங்கள் வாசலில் இருக்கிறார் என்றால் அது எப்படி நியாயம்?

அது மட்டுமா, அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் ஜெத்ரோ டல் பித்தர். 1983-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சிங்கிளின் மறுபக்கத்தில் ஜெத்ரோ டல்லின் 1971 ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து வாசித்திருக்கிறார்கள். புல்லாங்குழலை ராக் மேடையின் நடுவில் கொண்டுவந்து, மூச்சும் முனகலும் சேர்த்து ஊதி, அதை ஒரு முன்னணி வாத்தியமாக நிறுத்தியது ஆண்டர்சன்தான். இங்கிலாந்து நாட்டுப்புற மெட்டையும் ப்ளூஸையும் ஒரே பாட்டில் இழைத்தது, 1972-இல் ஆல்பம் முழுக்க ஒரே பாட்டாக எழுதி அமெரிக்காவில் முதலிடம் வரைக்கும் கொண்டுபோனது, இதெல்லாம் கணக்கில் வரவேண்டாமா. 1989-இல் மெட்டல் கிராமி விருது மெட்டாலிகாவுக்குப் போகாமல் ஜெத்ரோ டல்லுக்குப் போனதை வைத்து இன்றுவரை அவர்களைக் கேலிக்குரியவர்களாகவே பேசுகிறார்கள். அந்த முடிவு தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தவறு செய்தது விருது கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் இல்லை. அதற்கான தண்டனையை ஆண்டர்சனும் அவருடைய கிட்டார்காரர் மார்ட்டின் பாரியும் இத்தனை வருஷம் அனுபவிக்க வேண்டியதில்லை.

கிங் கிரிம்சன் விஷயத்தில் எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். 1969 ஜூலை 5, லண்டன் ஹைட் பார்க், ரோலிங் ஸ்டோன்ஸின் இலவசக் கச்சேரி. அதற்கு முன்னால் மேடையேறிய குழுக்களில் ஒன்று, முதல் கச்சேரி கொடுத்து மூன்று மாசம்கூட ஆகாத கிங் கிரிம்சன். அக்டோபரில் முதல் ஆல்பம். ப்ராக்ரசிவ் ராக் என்று நாம் சொல்கிற மொத்த வகையும் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அந்த ஆல்பத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் ஜெனிசிஸைச் சேர்த்தீர்கள், யெஸ்ஸைச் சேர்த்தீர்கள், ரஷ்ஷைச் சேர்த்தீர்கள். மூவருக்கும் முன்னால் நடந்து பாதை போட்டவர்கள் இதை எழுதும் வரைக்கும் வெளியே. 2001-இல் டூல் குழு தன்னுடைய கச்சேரிக்கு முன்னால் வாசிக்க கிங் கிரிம்சனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது, தங்கள் ரசிகர்கள் இவர்களைக் கேட்டே ஆகவேண்டும் என்று. 2005-இல் ஓஸி அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்துப் பாடினார். 2010-இல் கான்யே வெஸ்ட் அதே பாட்டின் ஒரு துண்டை எடுத்து தன்னுடைய பெரிய பாடல் ஒன்றை அதன்மேல் கட்டினார். மெட்டலிலிருந்து ஹிப் ஹாப் வரைக்கும் ஒரே பாட்டு நடந்து போயிருக்கிறது.

அப்புறம் கிங் கிரிம்சனின் கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப். 1977-இல் பெர்லின் ஹான்ஸா ஸ்டூடியோவில் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டில் கேட்கிறதே, முடிவே இல்லாமல் நீண்டு அழுகிற கிட்டார், அது அவருடையது. ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் எந்த ஸ்வரம் ரீங்கரித்து நிற்கும் என்று கண்டுபிடித்து, ஸ்டூடியோ தரையில் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து வாசித்தார். ஒரு மனிதர் தன் கால் நிற்கும் இடத்தை வைத்து இசை எழுதியிருக்கிறார்! போவியை 1996-இலேயே சேர்த்துவிட்டீர்கள், நியாயம். அந்த முதல் கிங் கிரிம்சனில் கிரெக் லேக் 2016-இல் போனார், இயான் மெக்டொனால்ட் 2022-இல், பாட்டு எழுதிய பீட் சின்ஃபீல்ட் 2024-இல். ஃபிரிப் 1946-இல் பிறந்தவர். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தின் லிஸியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். பில் லைனட், அம்மா ஐரிஷ்காரர், அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர், டப்ளினில் பாட்டி வீட்டில் வளர்ந்த கறுப்பினப் பையன், பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அயர்லாந்தின் பெரிய ராக் நாயகனாக நின்றவர். 1976 ஆல்பத்தில் ஸ்காட் கோர்ஹாமும் பிரையன் ராபர்ட்சனும் இரண்டு கிட்டாரை ஜோடியாக, இரண்டு பேர் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடுவது போல வாசித்தார்கள். இந்த உத்தி முழுக்க அவர்கள் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை, ஆல்மன் பிரதர்ஸ் இருந்தார்கள், விஷ்போன் ஆஷ் 1972-லேயே அழகாகச் செய்துவிட்டார்கள். ஆனால் அதை மூன்று நிமிஷ வானொலிப் பாட்டுக்குள் அடக்கி, கேட்ட எவனும் முணுமுணுக்கும்படி செய்தது தின் லிஸி. அயர்ன் மெய்டனின் இரட்டைக் கிட்டாரில் அந்த வாசம் அப்படியே அடிக்கும். ஐரிஷ் நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை 1972-இல் தின் லிஸி ராக் பாட்டாக மாற்றியது, எரிக் பெல் அதற்கு ஒரு கிட்டார் வரி கண்டுபிடித்தார். அந்த வரியை அப்படியே எடுத்து 1998-இல் மெட்டாலிகா வாசித்தது, 2000-இல் அதற்கு கிராமி வாங்கியது. லைனட் 1986 ஜனவரியில், 36 வயதில் போய்விட்டார். டப்ளின் ஹாரி தெருவில் அவருக்கு ஆளுயர வெண்கலச் சிலை இருக்கிறது. நீங்கள் 2020 பட்டியலில் ஒரே ஒருமுறை பெயரைப் போட்டீர்கள், வாக்காளர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

நியூயார்க் டால்ஸ் உங்கள் அமைப்பு பிறந்த ஊர்ப் பிள்ளைகள், அதனால் இது இன்னும் வலிக்கிறது. 1973-இல் முதல் ஆல்பம், விற்பனை சுமார்தான். அவர்களைக் கொஞ்ச நாள் கவனித்துக்கொண்ட மால்கம் மெக்லாரன் லண்டனுக்குத் திரும்பிப் போய் செக்ஸ் பிஸ்டல்ஸை உருவாக்கினார். போகும்போது டால்ஸின் சில்வைன் சில்வைனுடைய வெள்ளை லெஸ் பால் கிட்டாரையும் கொண்டு போனார், அது பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸ் கைக்குப் போனது. தாக்கம் என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியுமா என்றால், இதோ தொட்டுப் பார்க்கலாம், ஒரே கிட்டார்தான்! செக்ஸ் பிஸ்டல்ஸை 2006-இல் சேர்த்தீர்கள், அவர்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டால்ஸுக்கு 2001, 2021, 2022 என்று மூன்று முறை பெயர் மட்டும் வந்தது. கடைசியாக உயிரோடு இருந்த டேவிட் ஜொஹான்சன் 2025 பிப்ரவரியில் இறந்தார். இனி நீங்கள் சேர்த்தாலும் கைதட்டலைக் கேட்க ஆள் இல்லை.

இதில் கடன் என்று ஒன்றும் இருக்கிறது, அதையும் நேர்மையாகப் பேச வேண்டும். நான் லெட் செப்பெலின் பக்கத்து ஆள். ஆனால் 1969-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு, வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-இல் பதிவு செய்த பாட்டிலிருந்து எடுத்தது, டிக்சன் 1985-இல் வழக்குப் போட்டு 1987-இல் சமரசம் ஆன பிறகுதான் அவர் பெயர் ஏறியது. நீங்கள் டிக்சனை 1994-இலும் செப்பெலினை 1995-இலும் சேர்த்தீர்கள், கொடுத்தவர் முதலில் எடுத்தவர் அப்புறம் என்று அந்த வரிசையாவது சரியாக அமைந்தது (டிக்சன் அதற்குள் இறந்துவிட்டிருந்தார் என்பது வேறு). மிசிசிப்பியில் 1927-இல் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-இல் பதிவு செய்த பாட்டை செப்பெலின் 1971-இல் எடுத்தபோது மின்னியின் பெயரைப் போட்டார்கள். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, மேலே படிக்கட்டிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த டிரம்ஸ் சத்தத்தை 1986-இல் பீஸ்டி பாய்ஸ் வெட்டி எடுத்து தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒட்டினார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் பாட்டு, ஹாம்ப்ஷயர் மாடிப்படி, நியூயார்க் ராப். இந்தத் தொடர்ச்சி முழுவதையும் ஒரு சுவரில் காட்ட உங்களால் முடியும், கிளீவ்லாந்தில் ஏரிக் கரையில் கட்டடக் கலைஞர் ஐ. எம். பே கட்டிக் கொடுத்த அவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது.

அதனால்தான், ராப் பாடகர்களையும் பாப் பாடகர்களையும் ஏன் சேர்க்கிறீர்கள் என்று கத்துகிற கூட்டத்தில் நான் இல்லை. ஜேம்ஸ் பிரவுனும் ரே சார்ல்ஸும் இல்லாமல் 1986-இல் உங்கள் முதல் பட்டியலே இல்லை. என் ஆதங்கம் முழுக்க வரிசையைப் பற்றியது. எல்விஸ் 1986-இல் உள்ளே. அவருக்கு முன்னால் ‘ஹவுண்ட் டாக்’ பாடிய பிக் மாமா தார்ன்டன் 2024-இல் உள்ளே, 38 வருஷம் கழித்து, இறந்து 40 வருஷம் ஆன பிறகு. கையில் எலக்ட்ரிக் கிட்டாரோடு தேவாலயப் பாட்டைப் பாடி முதல் தலைமுறை ராக்காரர்கள் அத்தனை பேருக்கும் வழிகாட்டிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 2018-இல். ரசிகர் ஓட்டு இதைச் சரிசெய்யாது, அது கூட்டத்தைத்தான் எண்ணும். 2025-இல் அந்த ஓட்டில் முதலிடம் வந்த ஃபிஷ் குழுவையே நீங்கள் எடுக்கவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் ஒன்றுமில்லை, சின்னதாக மூன்று கோரிக்கை. தகுதி வந்து 20 வருஷத்துக்கு மேல் காத்திருப்பவர்களுக்கென்று ஒவ்வொரு ஆண்டும் குறைந்தது இரண்டு இடம் தனியாக ஒதுக்குங்கள், கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்காரர்கள் பழைய காலத்து ஆட்டக்காரர்களுக்குத் தனிக் குழு வைத்துப் பார்க்கிறார்களே, அப்படி. இரண்டாவது, ஏற்கனவே உள்ளே இருக்கும் கலைஞர்கள் ஒவ்வொருவரிடமும், நீங்கள் யாரைக் கேட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டீர்கள், அவர்களில் வெளியே இருப்பது யார் என்று எழுதி வாங்குங்கள். அவர்களுக்குத்தானே வாக்குச்சீட்டு அனுப்புகிறீர்கள், கூடவே இந்த ஒரு கேள்வியையும் அனுப்புங்கள், வந்த பதிலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அல்ரிக் என்ன எழுதுவார், கெடி லீ என்ன எழுதுவார், அயோமி என்ன எழுதுவார் என்று எங்களுக்கு ஓரளவு தெரியும், உங்கள் குழுவுக்கும் தெரிய வேண்டும். மூன்றாவது, வாக்கு எண்ணிக்கையைச் சொல்லுங்கள். தின் லிஸி 10 ஓட்டில் தோற்றதா 300 ஓட்டில் தோற்றதா என்று தெரிந்தால் அடுத்த முறை யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்றாவது எங்களுக்குப் புரியும்.

இயான் ஆண்டர்சன் 1947-இல் பிறந்தவர். 2025 மார்ச்சில்கூட ஜெத்ரோ டல் பெயரில் புது ஆல்பம் வெளியிட்டார், இன்னும் மேடையில் புல்லாங்குழல் ஊதுகிறார். அவருக்கும் மார்ட்டின் பாரிக்கும் ராபர்ட் ஃபிரிப்புக்கும் ஸ்காட் கோர்ஹாமுக்கும் அடுத்த பட்டியலிலேயே அழைப்பு அனுப்புங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். அயோமியைக் கூப்பிட்டு ஜெத்ரோ டல்லை அறிமுகப்படுத்திப் பேசச் சொல்லுங்கள், அந்த 1968 டிசம்பரைப் பற்றி அவரே மேடையில் சொல்லட்டும்.

அன்புடன்,
40 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்